இன், இன்னெ, இன்னா

1

செல்வி கேட்டாள் என்பதற்காக எழுதுகிறேன். ஒரகடத்தில் நான் ஒன்பது வருஷம் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். செல்வி அங்கே இப்போது லைன் லீடர். நான் ஸ்வீடனுக்கு வந்து ஆறு வருஷம் முடிகிற அதே வாரத்தில் போன் பண்ணினாள். கம்பெனி பஸ்ஸில் இருந்தாள். ஹாரன் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"இன்னா பரிமளா, மறந்துட்டியா எங்கள? பனி, ஏரி, செவப்பு வூடு, எதுனா எழுதி அனுப்பு. போட்டோ வேற வேணும். நம்ம பொண்ணுங்க பாத்துட்டு வாயப் பொளக்கணும்."

பனியைப் பற்றி நான் எழுத மாட்டேன். பனி விழும், அள்ளிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஏரி அங்கேயே வேண்டிய மட்டும் இருக்கிறது. நான் எழுதப் போவது ஓர் எழுத்தைப் பற்றி. நம் கணக்கில் ஓர் எழுத்து, ஸ்வீடிஷ்காரர்கள் கணக்கில் இரண்டு. அது விட்டுப்போனதால் இந்த வருஷம் எனக்கு வேலை போகப் பார்த்தது. வேலையாவது போய்த் தொலையட்டும், பேர் போகப் பார்த்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே நான் ரோபோ செல்களைப் பழுது பார்க்கிறவள். நம் லைனில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செல் என்றால் நாலு பக்கமும் கம்பி வலை, நடுவில் ஒரு ரோபோ கை, ஆள் போய்வர ஒரு கதவு, பாகங்கள் வந்துபோகிற கன்வேயர் பெல்ட்டுக்கு வலையில் ஓர் இடைவெளி. கதவைத் திறந்தால் ரோபோ நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் மனுஷர் நுழையக் கூடாது. ஒரகடத்திலும் அதுதான் சட்டம், இங்கேயும் அதுதான். பதினைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதை மீறியது கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல நாம் சொல்லின் வாலில் 'இல்', 'க்கு' என்று ஒட்டிவிட்டுப் போய்விடுவோம். இவர்கள் அதையெல்லாம் தனித்தனிக் குட்டி வார்த்தைகளாக முன்னால் வைத்திருக்கிறார்கள். முதல் வார்த்தையே வம்பு. மேஜை மேல் கப் இருக்கிறது என்பதற்கு வருகிற அந்த 'மேல்', இவர்கள் வாயில் 'போ'. தரையில் கிடந்தாலும் 'போ', சுவரில் தொங்கினாலும் 'போ'. அசையாமல் இருப்பதற்குப் 'போ' என்று பேர் வைத்த ஜனத்தை என்ன சொல்வது? மொழி வகுப்பில் முதல் வாரம் டீச்சர் மேஜையைத் தட்டித் தட்டிப் "போ, போ" என்றபோது நான் பாதி எழுந்துவிட்டேன்.

அதோடு விட்டார்களா? வேலையில் இருந்தால் 'போ', பேங்க்கில் 'போ', ஆஸ்பத்திரியில் 'போ', சினிமாவில் 'போ'. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் 'ஈ'. 'ஈ' என்றால் உள்ளே. சர்ச்சுக்கும் 'ஈ', ஜெயிலுக்கும் 'ஈ'. ஏன் என்று கேட்டால் "அப்படித்தான்" என்பார் டீச்சர். நாடு என்றால் 'ஈ', தீவு என்றால் 'போ' என்று ஒருநாள் சொல்லிக்கொடுத்தார். "அப்போ இலங்கைக்கு?" என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இரண்டும் சொல்வார்கள்" என்றார். அவர்களுக்கே தீராத விஷயம் எனக்குத் தெரியவில்லை என்று நான் ஏன் கூனிக் குறுக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

பிறகு ஒருநாள் 'ஹூஸ்' என்று ஒன்று வந்தது. டாக்டரிடம் போயிருக்கிறேன், தோழி வீட்டில் இருக்கிறேன், இப்படி ஓர் ஆள் இருக்கும் இடத்தை அந்த ஆளை வைத்தே சொல்வதற்கான வார்த்தை. டீச்சருக்கு அதில் பெருமை தாங்கவில்லை. "இதற்கு ஆங்கிலத்திலேயே சரியான வார்த்தை கிடையாது. உங்கள் மொழிகளிலும் இருக்காது" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். "எங்க ஊர்ல இருக்கு. ஆண்ட."

டாக்டராண்ட போனேன். டெய்லராண்ட துணி கீது. செல்வியாண்ட கேளு. மூன்றையும் மொழிபெயர்த்துச் சொன்னேன். "உங்க வார்த்தை ஆளுக்கு மட்டுந்தான். எங்களது கேட்டுக்கும் வரும், மரத்துக்கும் வரும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸில் நான் ஏறிய இடத்துக்கு 'வயலாண்ட' என்று பேர். வல்லம் வடகாலில் வயல் போய், அங்கே ஒரு பெயின்ட் கம்பெனியின் மதில் வந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. இருந்தாலும் டிரைவரிடம் வயலாண்ட என்றால் பஸ் சரியாக வந்து நிற்கும். டீச்சர் சிரித்துவிட்டு 'ஆண்ட'வைப் போர்டில் எழுதினார். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்த நடையே வேறு.

3

ஆனால் இந்த 'ஆண்ட'வுக்காகவும் 'இன்னா'வுக்காகவும் நான் ஒரகடத்தில் பட்ட பாடு கொஞ்சமில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதம் எங்களுக்குப் பேச்சுப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வெளிநாட்டு ஆட்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருவார்களாம், நாங்கள் நாகரிகமாகப் பேச வேண்டுமாம். வெளிநாட்டுக்காரனுக்கு இன்னாவும் என்னவும் ஒன்றுதான் என்று யாரும் யோசிக்கவில்லை. 'இன்னா', 'கீது', 'ஆண்ட' மூன்றும் தடை. யார் வாயிலாவது 'இன்னா' வந்தால் எழுந்து நிற்க வேண்டும், வகுப்பே சேர்ந்து "என்ன" என்று கத்தும்.

உள்ளூர்ப் பெண்கள் நாங்கள் நாலு பேர். மிச்சப் பேர் எல்லாம் தெற்கேயிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள். அவர்களில் தென்காசிப் பக்கத்து சேகர் என்று ஒருத்தர் இருந்தார். "ஏ, நீ பேசுத பேச்சுக்கு ஒரு டிக்கெட் போடலாம்ளா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த சேகரைத்தான் பிறகு நான் கல்யாணம் பண்ணிக்கொண்டேன், அது வேறு கதை. இப்போது இந்த ஊரில் டவுன் பஸ் ஓட்டுகிறார்.

அந்த வகுப்பால் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. 'இன்னா' என்று சொல்ல வாய் திறப்பேன், 'இன்' வரைக்கும் வந்துவிடும், அப்போது ஞாபகம் வந்து மிச்சத்தை முழுங்கிவிட்டு 'என்ன' என்று மாற்றுவேன். இன்... என்ன? இன்... என்ன சார்? ஒன்பது வருஷம் இப்படியே பேசினேன். திக்குவாய் என்று நினைத்த சூப்பர்வைசரும் உண்டு.

இந்த முழுங்கும் பழக்கம் ஸ்வீடனில் வந்து என் கழுத்தைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

விஷயம் இதுதான். நமக்கு 'உள்ளே' ஒன்றுதான். உள்ளே போ என்போம், உள்ளே இரு என்போம். போகிறோமா இருக்கிறோமா என்பதைப் பின்னால் வரும் வினை பார்த்துக்கொள்ளும். இவர்கள் வினையை நம்புகிற ஆட்கள் இல்லை. உள்ளே போவதற்கு 'இன்', உள்ளே இருப்பதற்கு 'இன்னெ'. வெளியே போவதற்கு 'ஊத்', வெளியே இருப்பதற்கு 'ஊதெ'. வீட்டுக்கு என்றால் 'ஹெம்', வீட்டில் என்றால் 'ஹெம்மா'. எங்கே இருக்கிறாய் என்பதற்கு 'வார்', எங்கே போகிறாய் என்பதற்கு 'வார்ட்'. பக்கத்து நார்வேக்கும் டென்மார்க்குக்கும் ஓடிப் போனாலும் தப்ப முடியாது. உச்சரிப்புதான் மாறும், அங்கேயும் எல்லாம் இரண்டிரண்டு.

வந்த புதிதில், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல நினைத்து 'ஹெம்மா' போட்டுச் சொன்னேன். என் சூப்பர்வைசர் லார்ஸ், நல்ல மனுஷன், முகம் வாடிப் போய், "யார் உன்னை வேலையை விட்டு அனுப்பியது?" என்று கேட்டார். நான் சொன்னதற்கு வேலை வெட்டி இல்லாமல் வீட்டோடு இருக்கிறேன் என்று அர்த்தமாம். வினை அதேதான், குட்டி வார்த்தை ஒன்று மாறியதும் வேலையே போய்விட்டது. அன்று எல்லோரும் சிரித்தோம்.

'இன்னெ' மட்டும் எனக்கு வாயில் நிற்கவே இல்லை. 'இன்' என்று ஆரம்பித்தவுடனே பழைய வகுப்பு தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தை முழுங்கிவிடுவேன். தமிழில் முழுங்கினால் திக்குவாய் என்பார்கள். இங்கே அந்த முழுங்கிய பாதியே ஒரு முழு வார்த்தை.

4

சம்பவத்துக்கு வருகிறேன். ஒரு காலை ஷிஃப்டில், ஒரு செல்லில் சென்சார் மாற்ற வேண்டியிருந்தது. கதவைத் திறந்தேன், ரோபோ நின்றது. 'ஆள் இருக்கிறார்' என்கிற சிவப்பு அட்டையைக் கதவில் மாட்டிவிட்டு உள்ளே போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அட்டை எப்படியோ கழன்று கீழே விழுந்திருக்கிறது. பக்கத்து லைனிலிருந்து வந்த ஒருத்தர் ரோபோவுக்குப் பின்னால் குனிந்திருந்த என்னைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தி, ரீசெட் பண்ணி, ஸ்டார்ட் அழுத்திவிட்டார். எழுந்து டூல் பெட்டியை எடுக்க இரண்டு எட்டு வைத்தேன், ரோபோ கை வந்து தோளில் இடித்தது. நான் போட்ட கத்தலில் அவரே எமர்ஜென்சி பட்டனைத் தட்டிவிட்டார். தோள் வீங்கியது, எலும்பு தப்பியது.

அரை மணி நேரம் கழித்து லார்ஸ் என்னை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்.  ரோபோ கிளம்பியபோது உள்ளே நடந்துகொண்டிருந்தேன் என்று சொன்னேன். சொன்னதாக நினைத்தேன். ஒரு வாரம் கழித்து வீட்டுக்குக் கடிதம் வந்தது. கம்பெனிக் கடிதம் என்றால் எனக்கு முன்னால் அதைப் படிப்பது என் மகள் நிவேதாதான். பதிமூன்று வயது. ஸ்வீடிஷ் தண்ணியாக வரும். தமிழில் கேட்டால் பெரும்பாலும் ஸ்வீடிஷில்தான் பதில் சொல்வாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்டு வந்து, "அம்மா, இன்னா இல்ல, என்ன" என்று எனக்கே பாடம் எடுப்பாள்.

படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அம்மா, ரோபோ ஓடிட்டு இருக்கும்போது நீ உள்ள போனியா? பைத்தியமா உனக்கு?"

"நானா? நான் எங்கடி போனேன்? நான் உள்ளதான் இருந்தேன். எவனோ வந்து ஸ்டார்ட் பண்ணான்."

"இங்க அப்படி இல்லியே. 'யா யிக் இன் ஈ செல்லென்'. நீ சொன்னதா போட்டிருக்கு. ரோபோ கிளம்புனப்போ நான் உள்ள போனேன்."

"நான் அப்படிச் சொல்லல."

"பேப்பர்ல அப்படித்தான் இருக்கு" என்றாள்.

பாருங்கள், வயிற்றெரிச்சலை. பத்து மாதம் சுமந்து பெற்றவள் எதிரே நின்று சொல்கிறேன், அவள் பேப்பரை நம்புகிறாள். விதியை மீறியதற்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை என்றும், எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்த நிரந்தர வேலை பற்றி மறுபடி யோசிப்போம் என்றும், கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றும் கடிதத்தில் இருந்தது. என்னை இடித்த ரோபோவைக் கிளப்பியவர் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

சேகர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேசாம கையெழுத்தப் போட்டுட்டு வந்துருளா. எச்சரிக்கைதான, தலையவா வாங்கிரப் போறாவ?"

"போடமாட்டேன். செத்தாலும் போடமாட்டேன்."

நிவேதா கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, நான் கூட வரேன். உனக்காக நான் பேசறேன்."

ஆசையாகத்தான் இருந்தது. அவள் பேசினால் ஐந்து நிமிஷத்தில் முடியும். ஆனால் நம்பாதவள் வந்து எனக்காக எதைப் பேசுவாள்? "வேணாம். எந்த எடத்துல தப்பு வந்துதுன்னு மட்டும் காட்டு" என்றேன். அவள் அந்த வரியில் விரலை வைத்தாள். "இங்க 'இன்'னு இருக்கு. நீ சொல்ற மாதிரின்னா 'இன்னெ'ன்னு இருக்கணும். 'யிக்'குக்கு போனேன்னும் அர்த்தம், நடந்தேன்னும் அர்த்தம்."

எனக்குப் பொறி தட்டியது. லார்ஸ் எழுதியதில் தப்பே இல்லை. அவர் காதில் விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறார். மிச்சத்தை முழுங்கியவள் நான். எனக்கு முழுங்கக் கற்றுக்கொடுத்தது ஒரகடத்து வகுப்பு.

மறுநாள் செல்விக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ உள்ளாற கீசொல்லோதான அவன் ஸ்டார்ட் போட்டான்? அப்பொறம் இன்னாத்துக்குப் பயப்படுற? போய் நல்லா வாயத் தொறந்து சொல்லு."

உள்ளாற கீசொல்லோ. உள்ளே இருக்கும்போது என்று அர்த்தம். எந்தக் குழப்பமும் இல்லாமல் அதைச் சொல்ல எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இதைத்தான் நாகரிகம் இல்லை என்று எழுப்பி நிற்க வைத்தார்கள்.

5

கூட்டத்துக்குத் தனியாகப் போனேன். லார்ஸும், அலுவலகத்து அம்மா ஒருத்தரும் இருந்தார்கள். காபி கொடுத்தார்கள். காகிதத்தை என் பக்கம் தள்ளி, பேனாவை அதன் மேல் வைத்தார்கள்.

"இதில் ஒரு வார்த்தை தப்பு" என்றேன்.

"எந்த வார்த்தை?"

வாய் திறந்தேன். 'இன்' வரைக்கும் வந்தது. தொண்டையில் அந்த வகுப்பு முழுசாக எழுந்து நின்றது. அத்தனை பேரும் "என்ன" என்று கத்துகிற சத்தம் காதில் கேட்டது. அட போங்கடா என்று நினைத்தேன். செல்வியிடம் பேசுகிற மாதிரி, மீன்காரியைக் கூப்பிடுகிற சத்தத்தில், முழுசாகச் சொன்னேன்.

"இன்னெ!"

அலுவலகத்து அம்மாவின் கையில் இருந்த காபி தளும்பியது. என் காதுக்கு அது அச்சு அசல் இன்னாவாகத்தான் கேட்டது. லார்ஸுக்கு இன்னெவாகவே கேட்டிருக்கிறது.

"இன்னெ?" என்றார், காகிதத்தைப் பார்த்தபடி. "உள்ளே இருந்தாயா?"

"கதவைத் திறந்து, ரோபோ நின்ற பிறகு போனேன். உள்ளே இருந்தேன். உள்ளே நடந்தேன். இன்னெ. அப்போதுதான் ரோபோ கிளம்பியது."

அவர் நெற்றியைத் தேய்த்தார். "கன்வேயர் இடைவெளி வழியாகக் குனிந்து நுழைந்திருப்பாய் என்று நாங்கள் நினைத்தோம். சில பேர் அப்படிச் செய்வார்கள்."

"சில பேர் செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். மெஷினில் பதிவு இருக்குமே, எடுத்துப் பாருங்கள். கதவு எப்போது திறந்தது, எப்போது சாத்தப்பட்டது, எப்போது ஸ்டார்ட் ஆனது எல்லாம் அதில் இருக்கும். நான் வெளியே நின்று கதவைச் சாத்தி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, கன்வேயரில் ஊர்ந்து போய் ரோபோவிடம் அடி வாங்கினேனா?"

பதிவை எடுத்தார்கள். கதவு திறந்து பதினோரு நிமிஷம் கழித்துத்தான் சாத்தப்பட்டிருக்கிறது. சாத்திய உடனே ரீசெட், உடனே ஸ்டார்ட். ஒன்பதாவது நொடியில் எமர்ஜென்சி பட்டன். ஸ்டார்ட் அழுத்தியவரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கதவைச் சாத்தியது நான்தான். உள்ளே பார்க்காமல் சாத்திவிட்டேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை" என்றார் அந்த மனுஷன், தலையைக் குனிந்துகொண்டு. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அட்டைக்குப் பதில் பூட்டுப் போட வைக்க வேண்டும் என்று அங்கேயே சொன்னேன்.

எச்சரிக்கையை ரத்து பண்ணுவதாக அந்த அம்மா சொன்னார். "அறிக்கை அப்படியே இருக்கட்டும், பதிவைப் பின்னால் இணைத்துவிடுகிறோம்" என்றார்.

"முடியாது" என்றேன். "பின்னால் இருப்பதை யாரும் படிக்க மாட்டார்கள். என் மகளே படிக்க மாட்டாள். வார்த்தையை மாற்றுங்கள்."

"நீங்கள் சொன்னதுதானே அது?"

"என் வாய் சொன்னது. நான் சொல்லவில்லை."

இதற்கு ஸ்வீடிஷில் அர்த்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. லார்ஸ் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு அந்த வரியில், 'இன்' பக்கத்தில், பேனாவால் இரண்டு எழுத்தைச் சேர்த்தார். ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அதற்குக் கீழே நான் தமிழில், முழுப் பெயராகப் போட்டேன்.

நிரந்தர வேலை பற்றி இன்னும் பதில் வரவில்லை. தரட்டும், தராமல் போகட்டும். ஓடுகிற செல்லுக்குள் நுழைந்தவள் என்று எந்த ஊர்க் காகிதத்திலும் என் பேர் கிடையாது. செல்வி, அந்தப் பேச்சு வகுப்பு இன்னும் அங்கே நடக்கிறது என்று சொன்னாயே. அடுத்த தடவை எந்தப் பெண்ணையாவது 'இன்னா'வுக்காக எழுப்பி நிற்க வைத்தால், இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்.

அன்று கூட்டம் முடிந்து, தொழிற்சாலை கேட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு நின்றபோது போன் அடித்தது. நிவேதா. பள்ளி இடைவேளையில் ஒருநாளும் கூப்பிட்டவள் கிடையாது. எடுத்தேன். எடுத்ததும் ஸ்வீடிஷில் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன்.

"இன்னாமா ஆச்சு?" என்றாள்.

 எதையும் முழுங்காமல் சொன்னேன்.

"நான் உள்ள போகலடி. உள்ளதான் இருந்தேன். பேப்பர்லயும் இப்போ அப்படித்தான் கீது."